கடைசி உத்தரவுக்கு முந்தைய படிகள்

அவையோருக்கு வணக்கம்.

அறிவியல் புனைவுத் தொடர்களின் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது, கடைசி உத்தரவை மட்டும் பிடித்துக்கொண்டு சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். அதற்கு முன்பு அவர்கள் கொடுத்த சின்னச் சின்னச் சம்மதங்களைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998-இல் வந்த 'இன் த பேல் மூன்லைட்' அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டொமினியன் என்ற எதிரிப் பேரரசோடு நடக்கும் போரில், பூமியும் பல கோள்களும் சேர்ந்த கூட்டமைப்பின் நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாண்டவர் பட்டியல் வருகிறது. ஒதுங்கி நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கோள் வல்லரசினரைப் போருக்குள் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று கேப்டன் சிஸ்கோ முடிவெடுக்கிறார். முன்னாள் உளவாளி காராக்கிடம் அவர் முதலில் கேட்பது, டொமினியன் ரோமுலன்களைத் தாக்கத் திட்டமிடுகிறது என்பதற்கான உண்மையான ஆதாரத்தை. காராக் தொடர்புகொண்ட ஆட்கள் உடனே கொல்லப்படுகிறார்கள். சரி, ஆதாரத்தை நாமே தயாரிப்போம் என்கிறார் காராக். மேலிடமும் தலையாட்டுகிறது. போலிப் பதிவு செய்யத் தெரிந்த டோலார், கிளிங்கன் என்ற வேற்றுக்கோள் இனத்தாரின் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருப்பவன். மன்னிப்பு வாங்கிக் கொடுத்து அழைத்து வருகிறார்கள். வந்தவன் குடித்துவிட்டு மதுக்கடைக்காரர் குவார்க்கைக் கத்தியால் குத்துகிறான். விஷயம் வெளியே வராமலிருக்க சிஸ்கோ லஞ்சம் கொடுக்கிறார். போலிப் பதிவை ஏற்றத் தேவையான பதிவுத் தண்டுக்கு விலை 85 லிட்டர் பயோமிமெட்டிக் ஜெல். தவறான கைக்குப் போனால் ஆயுதமாகும் பொருள் அது. டாக்டர் பஷீர் எதிர்ப்புத் தெரிவித்து, உத்தரவை எழுத்தில் தரச் சொல்கிறார்.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எழுத்தில் கேட்பவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. இதை உன் பெயரோடு ஏற்கத் தயாரா என்றுதான் கேட்கிறார். திரும்பிப் போக சிஸ்கோவுக்கு இருந்த நல்ல வாசல் அதுதான். அவர் திரும்பவில்லை. ரோமுலன் செனட்டர் வ்ரீனாக் பதிவு போலி என்று கண்டுபிடித்துவிட, அவருடைய கலம் வெடிக்கிறது. குண்டு வைத்தவர் காராக். டோலாரும் உயிரோடில்லை. ஆத்திரத்தில் சிஸ்கோ காராக்கை அடிக்கிறார். இப்படி நடக்கக்கூடும் என்று தெரிந்துதானே என்னிடம் வந்தீர்கள் என்பதுதான் காராக்கின் பதில். அதற்கு சிஸ்கோவிடம் மறுமொழி இல்லை. ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள். கடைசியில் தான் சொல்லிவந்த வாக்குமூலப் பதிவைக் கணினியிடம் சொல்லி அழிக்கிறார். என் கணக்கில் கொலையைவிட இது பெரிய குற்றம் இல்லை; ஆனால் அவரை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி செய்தது இதுதான்.

படிப்படியாக இறங்க நேரமே இல்லாத முடிவும் உண்டு. 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வின் '33' அத்தியாயத்தில் தப்பியோடும் மனிதர்களின் கப்பல் கூட்டத்தைத் தாக்க, 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் என்ற இயந்திர எதிரிகள் வருகிறார்கள். 5 நாளாக யாரும் தூங்கவில்லை. 'ஒலிம்பிக் கேரியர்' என்ற கப்பல் பின்தங்கிப்போன ஒரு முறை மட்டும் எதிரி வரவில்லை. பிறகு கப்பல் திரும்பி வருகிறது, எதிரியும் வருகிறான். அணு ஆயுதத்துக்கான கதிர்வீச்சு எச்சரிக்கை ஒலிக்கிறது. கப்பல் நிற்காமல், கூட்டத்தைக் காக்கும் போர்க்கப்பலான கேலக்டிகாவை நோக்கி வருகிறது. அதிலே 1,345 பேர் இருப்பதாகக் கணக்கு. சுட்டு வீழ்த்தச் சொல்கிறார் அதிபர் ராஸ்லின். சுடுவதற்கு முன் போர் விமானி லீ அடாமா பக்கத்தில் பறந்து ஜன்னல்களைப் பார்க்கிறார், யாரும் தென்படவில்லை. உள்ளே ஆளில்லை என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. ஆனாலும் எச்சரித்தார்கள், அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், அவகாசம் தீர்ந்த பிறகுதான் சுட்டார்கள். இந்த முடிவை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

2009-இல் வந்த 'டார்ச்வுட்: சில்ட்ரன் ஆஃப் எர்த்' நேர் எதிர். வேற்றுக்கோள்வாசிகள் உலகின் குழந்தைகளில் 10 சதவீதத்தைக் கேட்கிறார்கள். லண்டனில் அமைச்சரவை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை முதலில் விலக்கிக்கொள்கிறார்கள். பேச்சில் குழந்தைகள் 'யூனிட்'களாக மாறுகிறார்கள். அடுத்து, பள்ளிகளின் தேர்ச்சிப் பட்டியலில் கீழே இருப்பவற்றிலிருந்து எடுக்கலாம் என்ற யோசனை நிதானமான குரலில் வருகிறது. அங்கே யாரும் கத்தவில்லை. அந்த நிதானம்தான் நெஞ்சை அறுக்கிறது.

'வாயேஜர்' தொடரின் கேப்டன் ஜேன்வே, 1996-இல் வந்த 'டூவிக்ஸ்' கதையில், இருவர் ஒன்றாகிப் பிறந்த மனிதனை மீண்டும் இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார். அவன் உயிருக்குக் கெஞ்சுகிறான். டாக்டர் மறுத்து விலகி நிற்கிறார். ஜேன்வே வேறு யாரையும் ஏவவில்லை. தானே கருவியை இயக்குகிறார். அது சரியென்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்ததும், மீண்டு வந்த இருவரையும் விட்டுவிட்டு, தனியாகக் கதவைத் தாண்டி வெளியே போகிறார்.