வாத்தியாரின் முட்டிவலி

நடுவர் அவர்களுக்கும், மார்கழிப் பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு கோயில் திடலில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். மீதி வணக்கங்களை எதிரணியினர் ஏற்கெனவே தாராளமாகச் சொல்லிவிட்டதால், அந்த நேரத்தை என் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தற்காப்புக் கலையைத் தலைமுறை தாண்டிக் கொண்டுசேர்ப்பது வாத்தியாரா, ஏடு, காணொளி போன்ற பதிவா என்பது இன்றைய தலைப்பு. வாத்தியாரே என்று பேசுவதற்கு மூன்று பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். அந்தக் குறிப்பு இப்போது சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஏனென்றால், எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “இவர்கள் வாத்தியாரிடம் வித்தையை மட்டுமா கற்றுக்கொண்டார்கள்? வாத்தியாரின் முட்டிவலியையும் சேர்த்தல்லவா கற்றுக்கொண்டார்கள்! அதோ பாருங்கள், மேடை ஏறும்போதே காலை இழுத்துக்கொண்டுதான் ஏறினார்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, மேடையின் மூன்றாவது படியில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. என் செருப்பு அதில் மாட்டியது. இறங்கும்போது அவரும் பார்த்து இறங்குவது நல்லது.

ஆணியை விடுவோம். முட்டிவலியை மட்டும் என்னால் விட முடியாது. அவர் விளையாட்டாகச் சொன்னது என் வாழ்க்கையில் அப்படியே நடந்த கதை.

எங்கள் வாத்தியார் தென்காசிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பகலெல்லாம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பொழுது சாய்ந்ததும் அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருந்த களத்தில் எங்களுக்குக் கம்பு சொல்லிக்கொடுப்பார். நான் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. முதல் ஐந்து மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. தரையில் அடுப்புச் சாம்பலால் கட்டம் போட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைக்கச் சொல்லி, காலடி மட்டும்தான் பழக்கினார். பிறகு மூங்கில் வெட்டி, தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி, என்னை நிறுத்திப் புருவத்துக்கு நேராக அளந்து அறுத்துக் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் வரிசை. வரிசை என்றால், சிலம்பம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இன்ன காலடிக்குப் பின் இன்ன வீச்சு, இன்ன வீச்சுக்குப் பின் இன்ன தடுப்பு என்று கோத்து வைத்த மாலை. எதிரே ஆள் இல்லாமலே ஆள் இருப்பதாக எண்ணி ஆடுவது.

அந்த வரிசையில் நாலாவது காலடி என்று ஒன்று உண்டு. வாத்தியார் வலது காலை முன்னே வைப்பார். வைத்த வேகத்திலேயே அரைச் சாண் பின்னுக்கு எடுப்பார். அதற்குப் பிறகுதான் ஊன்றுவார். பார்ப்பதற்கு அசல் நொண்டல். அவர் வாலிபத்தில் தென்னையிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தவர் என்பது ஊருக்கே தெரியுமாதலால், யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் முட்டியில் ஒரு குறையும் இல்லாத நாங்கள் இருபது பேரும் நாலாவது காலடியில் இருபது விதமாக நொண்டினோம். பக்கத்து ஊர்க் கோயில் கொடைவிழாவுக்கு ஆடப்போனால், “நொண்டி வரிசைக்காரன் வந்துட்டான்” என்பார்கள். காலைப் பின்னுக்கு எடுக்க மறந்தால் வாத்தியார் ஏச மாட்டார். கம்பு நுனியால் கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “எங்க வாத்தியாரு அப்படித்தான்லே வைப்பாரு, நீயும் வையி” என்றார். அவருக்கும் முட்டிவலி இருந்ததா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “அவருக்கு நெஞ்சுவலிதாம்லே இருந்துது” என்றார்.

பின்வரிசையில் இப்போதுதான் பாய் விரித்து உட்கார்ந்த அக்காமார்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். கால் முன்னே போகும், அரைச் சாண் பின்னே வரும், பிறகு ஊன்றும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருபத்தொரு வயதில், ஒரு கொடைவிழாவில், வேற்றூர்க்காரர் ஒருவரோடு கம்பு வைத்து விளையாடினேன். என்னைவிட உயரம், என்னைவிடக் கை நீளம். மேலே வீசுவதுபோல் போக்குக் காட்டி, சட்டென்று குனிந்து, என் கணுக்காலை வாரினார். அந்த அடி பட்டிருந்தால் இன்று நான் நிஜமாகவே காலை இழுத்துக்கொண்டு மேடையேறி, சகோதரரின் வாயை மெய்யாக்கியிருப்பேன். கம்பு மணலைச் சீவிக்கொண்டு போனது, என் பாதத்துக்கு நாலு விரல் முன்னால். என் கால் அங்கே இல்லை. நான் அதை எடுக்கவில்லை, ஐயா. எடுக்க வேண்டும் என்று நினைக்கவும் நேரமில்லை. பதினோரு வருடம் நொண்டிப் பழகிய கால், தானாக அரைச் சாண் பின்னே வந்து நின்றது.

அன்றிரவே வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. எழுந்தார், எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தார். “வாருலே” என்றார். நான் தாழ வாரினேன், காலை எடுத்தார். மறுபடி வாரச் சொன்னார், மறுபடி எடுத்தார். ஆறு முறை. உள்ளேயிருந்து அவர் மனைவி, எங்கள் ஆச்சி, “சோறு ஆறுது” என்று சத்தம் போட்டார். வாத்தியார் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு, “அதுக்குத்தானா?” என்றார். அப்போது அவருக்கு வயது அறுபது. நாற்பது வருடமாக வைத்த காலடிக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. கணுக்காலில் எங்களைத் தட்டிய அந்தத் தட்டுக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. விடை அந்தத் தட்டிலேயே இருந்திருக்கிறது. தட்டியவருக்கும் தெரியவில்லை, வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை.

சகோதரர் அவர்களே, நீங்கள் கேலி செய்த முட்டிவலி இதுதான்.

எதிரணியில் அடுத்துப் பேச இருக்கும் சகோதரி உடனே குறிப்பு எடுப்பது இங்கிருந்தே தெரிகிறது. “வாத்தியாருக்கே அர்த்தம் தெரியாது என்றால், அவருக்கும் கேமராவுக்கும் என்ன வேறுபாடு?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. எங்களோடு படித்த ஒருவர் அந்த வரிசையை யூடியூபில் ஏற்றினார். கீழே நாலு பேர் ‘ஏன் நொண்டுகிறீர்கள்’ என்று கேட்டுவிட்டார்கள். வெட்கப்பட்டு, அடுத்த காணொளியில் நாலாவது காலடியைச் சீராக வைத்து ஆடினார். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளின் ஆட்டம் வெகு அழகு, கணுக்கால்தான் பாவம். கேமரா தப்பைத் தப்பாகவும் சரியைச் சரியாகவும் அப்படியே காட்டும். ஆனால் தப்பினால் தட்டாது.

சட்டைப் பையிலிருக்கும் குறிப்புக்கும் கொஞ்சம் மரியாதை செய்துவிடுகிறேன். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இடோசு ஆங்கோ என்ற ஆசான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளுக்கு ஏற்றபடி ‘பினான்’ என்று ஐந்து வரிசைகளை அமைத்தார். அந்த வரிசைகள் பின்பு ‘ஹெயான்’ என்று பெயர் மாறி உலகமெல்லாம் பரவின. இன்று அதே வரிசைகளை வைத்துக்கொண்டு, இந்தக் கை ஏன் இங்கே போகிறது, இந்தத் திருப்பம் யாருக்கு என்று ஆராய்வதையே ஒரு பாடமாக நடத்துகிறார்கள். அதற்குப் ‘புங்காய்’ என்று பெயர். அர்த்தம் எங்கோ நழுவிய பிறகும் வடிவத்தை விடாமல் பிடித்திருந்ததால்தான் இன்று தேடவாவது முடிகிறது. அங்கேயும் ஆயிரம் முட்டிவலி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்துக் கேரளத்தின் தற்காப்புக் கலையான களரியில் ‘வாய்த்தாரி’ என்று ஒன்று உண்டு. குருக்கள் என்று அவர்கள் அழைக்கும் ஆசான் சொற்களை ஓதிக்கொண்டே போவார். பிள்ளைகளின் உடம்பு அந்தச் சொல்லுக்கு வளையும், தாழும், எழும். காது வழியாகத்தான் கால் கற்கிறது. வடகரையில் ஏழு வயதளவில் களரியில் இறங்கிய மீனாட்சி அம்மா, எழுபது வயதைக் கடந்த பிறகு 2017ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த வயதிலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஏடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகும் உடம்பின் இடங்களை வர்மம் என்பார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று வர்ம ஏடுகள் கணக்கு வைத்திருக்கின்றன. இன்ன இடத்திலிருந்து இத்தனை விரலுக்குக் கீழே என்று பாட்டிலேயே அளவும் சொல்கின்றன. விரல் என்றால் யாருடைய விரல்? படிக்கிறவனுடையதா, படுத்திருக்கிறவனுடையதா? அதை ஓர் ஆசான் தொட்டுக்காட்டினால்தான் உண்டு. விரல் இடம் மாறினால் வைத்தியம் கொலையாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனியார் தென்சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாள் ஏந்துவதற்கும் உரிமம் கேட்டது. அந்தக் காலமெல்லாம் வித்தையை எந்தப் பதிவு காப்பாற்றியது? மாடு மேய்க்கும் கம்பாகவும், கொடைவிழா ஆட்டமாகவும், மேள அடிக்கு வைக்கும் சலாம் வரிசையாகவும் உடம்புக்குள் ஒளிந்துதான் அது வந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பமும் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றதை எதிரணியினர் பெருமையாகச் சொன்னார்கள், எங்களுக்கும் பெருமைதான். விதிப்புத்தகம் வேண்டும், பதிவு வேண்டும். அதில் சண்டையில்லை.

பதிவைப் பற்றிப் பேசும்போது, எதிரணிக்குச் சாதகமான ஒரு சாட்சியத்தை நானே ஒப்படைத்துவிடுகிறேன். மறைத்தால் மனது கேட்காது.

வாத்தியார் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முந்திய மார்கழியில், என் அக்காள் மகன் தன் கைப்பேசியில் அவர் வரிசை ஆடுவதை எடுத்து வைத்தான். நாலு நிமிடம் ஓடும். சுழலும் கம்பின் நுனியையே துரத்தித் துரத்தி எடுத்திருக்கிறான். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. நாலாவது காலடி வரும்போது தோள் லேசாகத் தாழ்ந்து எழுவது மட்டும் தெரியும். விஷயம் தெரிந்தவன் அதைப் பார்த்துக் காலை ஊகித்துக்கொள்ளலாம், தெரியாதவனுக்கு அது கிழவரின் தள்ளாட்டம். கடைசியில் இருமுவார். “போதும்லே, நிப்பாட்டு” என்று கையைக் காட்டுவார். அத்தோடு முடிந்துவிடும்.

கலைக்கு அந்தக் காணொளியால் காலணாப் பிரயோசனம் இல்லை என்று இந்த மேடையில் அடித்துப் பேசத்தான் வந்தேன். ஆனால் நான் எப்போது ஊருக்குப் போனாலும் ஆச்சி, “அந்தப் பெட்டியப் போடுய்யா” என்பார். கண்ணில் புரை விழுந்துவிட்டது. திரையில் கம்பு சுற்றுவது அவருக்கு வெறும் வெளிச்சம்தான். கைப்பேசியைக் காதோரம் வைத்துக்கொண்டு அந்த இருமலுக்காகக் காத்திருப்பார். “போதும்லே” என்ற குரல் வந்ததும், “இன்னொருக்கப் போடு” என்பார். நான் போடுவேன். எதிரணிச் சகோதரி இதைத் தன் கட்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

போன மாதம் போயிருந்தபோதும் அப்படித்தான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி முற்றத்தில் தனியாக வரிசை ஆடிக்கொண்டிருந்தாள். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சிலம்புதல் என்றால் ஒலித்தல் என்று அகராதியில் படித்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். காற்றைக் கிழிக்கும் கம்பின் சத்தம், மண்ணில் பாதம் விழும் சத்தம், ஆச்சியின் கையில் செத்துப்போன மனிதரின் இருமல். ஆச்சி வாழ்நாளில் கம்பைத் தொட்டவர் இல்லை. நாற்பது வருடம் அடுப்படியில் நின்று களத்துச் சத்தத்தைக் கேட்டவர், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு வாக்கியம். கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், முற்றத்துப் பக்கம் திரும்பாமல், ஆச்சி சொன்னார்: “ஏட்டி, நாலாவது கால எடுக்கலியே நீ.”