எலும்பு வெளியே தெரிந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு. நடுவே சதை கிடையாது. பைக்கிலிருந்து விழுகிறவர்களுக்கு இந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும், அப்புறம் சேர நாளாவதும் இதனால்தான்.

ஒரு காலத்தில் இப்படி அடிபட்டால், சீழ் பிடித்து உயிர் போய்விடும் என்று காலையே வெட்டிவிடுவார்கள். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுப் பையன் ஒருவனின் காலில், கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர். நான்கு நாள் கழித்துப் பிரித்தால் சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.

அடுத்த பெரிய திருப்பத்துக்கு நூறு வருஷம் ஆனது. 1974-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுக்காதவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத் தொற்று. செஃபலோதின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டவர்களில் 2 பேருக்குத்தான். ஆனால் மருந்து மட்டும் போதவில்லை. தோலும் சதையும் பிய்ந்து எலும்பு மூடாமல் கிடக்கும் காயங்களில், பாதிக்கு மேல் தொற்று வந்ததாக 1984-இல் எலும்பு மருத்துவர் கஸ்டிலோவின் குழுவினர் எழுதினார்கள். ஸ்லோவேனியாவின் பிளாஸ்டிக் சர்ஜன் மார்கோ கோதினா, இத்தகைய காயங்களை 72 மணி நேரத்துக்குள் வேறு இடத்துச் சதையை வைத்து மூடினால் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். அந்தக் கட்டுரை 1986-இல் அச்சாகும் முன்பே அவர் கார் விபத்தில் போய்விட்டார்.

ஆக, எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளே சேர்ந்து காயத்தைப் பார்க்க வேண்டும். எலும்பை நிறுத்த உள்ளே போடும் ராடு எந்தக் கம்பெனி என்பதை விட எனக்கு இதுதான் முக்கியம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை, தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்கும் முறையை உருவாக்கியது. மொத்த மதிப்பெண் 14-க்குள் இருந்தால் காப்பாற்றலாம். 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கஷ்டம்.

காயத்தைச் சோப்புக் கரைசலால் கழுவினால் நல்லது என்று நம்பியவர்கள் உண்டு. 2015-இல் 2,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது, வெறும் உப்பு நீரே மேல் என்று தெரிந்தது.

சரி, ரோட்டில் நீங்கள் என்ன செய்யலாம்? எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, கால் அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் நல்லது. டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

பிறகு, வார்டுக்கு வெளியே நின்று பீடி பிடிக்கும் அண்ணன்மார்களே, புகை எலும்பு சேர்வதைத் தள்ளிப்போடும். “ராடு போட்டு ஆறு மாசமாச்சு, ஏன் டாக்டர் இன்னும் கூடல?” என்று கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது எக்ஸ்ரேயை அல்ல, உங்கள் சட்டைப் பையைத்தான்.