ஆயிரம் காக்கைக்கு ஒரு கல்: கைபேசிக் குப்பை பற்றி வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் நூலகர் அம்மா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, சுண்டலும் தேநீரும் இருக்கிறது என்று முதலிலேயே அறிவித்து யாரையும் எழுந்து போகவிடாமல் செய்துவிட்ட வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, பின்வரிசையில் தலை குனிந்து கைபேசி பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கு ஏழு மணிக்கு வேறொரு கூட்டம் இருக்கிறதாம். அவரிடம் வைக்க ஒரு கோரிக்கை உண்டு. அதைக் கடைசியில்தான் சொல்லப்போகிறோம். அதுவரைக்கும் அவர் மேடையில் இருந்தாக வேண்டும்!

கைபேசிக் குப்பையைக் குறைப்பது எப்படி என்பது தலைப்பு. ஐந்து செய்திகள்: வாட்ஸ்அப், படங்கள், மின்னஞ்சல், ஓயாமல் அடிக்கும் அறிவிப்பு மணி, கடவுச்சொல். ஐந்துக்கும் பழமொழி ஒன்றுதான். ஆயிரம் காக்கைக்கு ஒரு கல். காக்கை ஒவ்வொன்றாகத் துரத்தினால் பொழுது போய்விடும், காக்கை போகாது.

முதலில் வாட்ஸ்அப். காலையில் எழுந்ததும் பூவும் சூரியனுமாக இருபது வணக்கப் படம். அதை ஒவ்வொன்றாகத் தொட்டு அழிக்கிறோம். மறுநாள் இன்னும் இருபது. இந்தியாவில் கைபேசிகள் ஏன் இப்படி இடம் இல்லாமல் திணறுகின்றன என்று கூகுள் ஆட்கள் ஆராயப் போய், கடைசியில் கண்டது இந்தக் காலை வணக்கத்தைத்தான். இது 2018 தொடக்கத்தில் அமெரிக்கச் செய்தித்தாளிலேயே வந்தது. நம் ஊர்ச் செம்பருத்தி அமெரிக்கா வரைக்கும் மணந்திருக்கிறது!

கல் எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா. கொஞ்சம் கீழே மீடியா ஆட்டோ டவுன்லோட் என்று, ஆண்ட்ராய்டு போனில், மூன்று வரி: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங். ஒவ்வொன்றையும் தொட்டால் படம், ஒலி, காணொளி, ஆவணம் என்று நான்கு கட்டம் வரும். மூன்று வரியிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். மொபைல் டேட்டாவை மட்டும் நிறுத்திவிட்டு, வைஃபையை அப்படியே விட்டுவிடுவார்கள். வைஃபையில் நான்கு கட்டமும் தொடக்கத்திலிருந்தே டிக் ஆகித்தான் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தனையும் கொட்டும். நிறுத்தியபின் படம் மங்கலாக, ஓர் அம்புக்குறியோடு நிற்கும். வேண்டுமென்றால் தொட்டுப் பார்க்கலாம். குரல்செய்தி மட்டும் எப்போதும்போல் தானாகவே இறங்கும், பயப்பட வேண்டாம்.

இனி, ஏற்கெனவே சேர்ந்திருப்பது. அதே இடத்தில் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று இருக்கிறது. உள்ளே போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனிக்கட்டு, பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனிக்கட்டு. காணொளியில் கை வையுங்கள். வணக்கப் படம் ஒன்று நூறு, இருநூறு கேபிதான் இருக்கும். ஆயிரம் படம் அழித்தாலும் 200 எம்பி தேறாது. கல்யாண வீட்டிலிருந்து வந்த சில பெரிய காணொளிகளை எடுத்தால் அந்த இடம் ஒரே நொடியில் வந்துவிடும். அப்படியானால் வணக்கப் படம் குற்றமில்லையா என்று கேட்கலாம். அது இடத்தைத் தின்பதைவிட நம் கவனத்தைத் தின்கிறது. பேத்தியின் முதல் பிறந்தநாள் படத்தைத் தேடும்போது முந்நூறு செம்பருத்தியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நீங்கள் கேலரியிலிருந்து ஒரு படத்தை யாருக்காவது அனுப்பினால், அதற்கு இன்னொரு பிரதி வாட்ஸ்அப்பின் சென்ட் என்ற உறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கேலரியில் அது கண்ணில் படாது. ஃபைல்ஸ் செயலியில் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று வரிசையாக உள்ளே போனால் தெரியும். அசல் உங்களிடம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அந்த உறையைக் காலி செய்யலாம்.

குழுக்களைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், சொந்தக்காரர்கள் இருக்கிற இடம். ம்யூட்டில் ஆல்வேஸ் போட்டு ஆர்கைவ் செய்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது. யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்ப்பதைத் தடுக்க, பிரைவசியில் குரூப்ஸ் என்ற இடத்தில் மை கான்டாக்ட்ஸ் வையுங்கள். இதுவும் ஒரு கல்தான்.

குப்பை, குப்பை என்று சொல்லிக்கொண்டே போகிறோம். குப்பை என்ற சொல்லே கொஞ்சம் ஆபத்தானது. முன்வரிசை ஆசிரியர்களுக்குத் தெரிந்த செய்திதான், தம்பிமார்களுக்காகச் சொல்கிறோம்.

உ.வே.சாமிநாதையர், 1855இல் பிறந்து 1942இல் மறைந்தவர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். ரயில் கொஞ்ச தூரம், மாட்டுவண்டி கொஞ்ச தூரம், மிச்சம் நடை. சங்கரன்கோவில் பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர். அந்தக் கோயிலில் பழைய ஏட்டுச் சுவடிகள் இருந்ததாகக் கேள்விப்பட்டு ஆசை ஆசையாகப் போகிறார். கோயில் அதிகாரியிடம் விசாரிக்கிறார். அவர் சாவகாசமாக, “அதெல்லாம் குப்பையாகக் கிடந்ததே” என்கிற மாதிரி பதில் சொல்கிறார். ஐயருக்கு முகம் மலர்ந்திருக்கும். குப்பையாகக் கிடந்தால் என்ன, கிடந்தால் போதும், நாம் உட்கார்ந்து பொறுக்கிவிடலாம் என்று. எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்கிறார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய ஏடுகளைச் சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள்! குழி வெட்டி, தீ வளர்த்து, மந்திரம் சொல்லி, மிக மரியாதையாக எரித்திருக்கிறார்கள். அந்தக் கட்டில் எந்தப் புலவர் இருந்தார், எந்த நூல் இருந்தது, இன்றைக்கு யாருக்குத் தெரியும்? நெய்க்குத் தெரியும். எரித்தவர் கெட்டவரில்லை. இடத்தை அடைக்கிறதே, செல்லரித்துவிட்டதே என்று நினைத்தார். பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை எரித்திருந்தால் தமிழுக்கு நட்டமில்லை. பொறுக்காமல் எரித்ததுதான் நட்டம்.

(கைதட்டல்)

நம் கைபேசியிலும் அந்த ஹோமம் நடக்கிறது. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் போய், போனில் இடமில்லை என்று படங்களை அழிப்பார்கள். மேகத்தில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பில்தான் இருக்கிறதே என்று நினைப்பு. அங்கே அழித்தால் போனிலும் போகும், மேகத்திலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற பொத்தானைத்தான் தொட வேண்டும். மேகத்தில் ஏறியவற்றை மட்டுமே அது போனிலிருந்து எடுக்கும். தவறுதலாக அழித்துவிட்டால், மேகத்தில் ஏறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஏறாத படம் 30 நாள்தான். அதற்குள் மீட்கலாம். 61ஆம் நாள் நெய்தான்.

அந்த மேகமும் அளவில்லாதது அன்று. 2021 ஜூன் 1 முதல் இலவசம் 15 ஜிபிதான். மின்னஞ்சல், டிரைவ், படம் மூன்றுக்கும் சேர்த்து அந்த ஒரே பானை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் விழுகிறது. பானை நிரம்பினால் படம் ஏறாதது மட்டுமல்ல, மின்னஞ்சலே வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பக்கத்தில் இன்க்ளூட் வீடியோஸ் என்பதை அணைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மின்னஞ்சலுக்கு வருவோம், சுருக்கமாக. ஜிமெயில் தேடல் பெட்டியில் ‘லார்ஜர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10, அதையொட்டி எம் எழுத்து. 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வந்து நிற்கும். விளம்பர அஞ்சலை அழிப்பதற்கு முன் அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள். அழித்துவிட்டு அப்புறம் பார்ப்போம் என்றால் ஆயிரம் காக்கை கதைதான். நாம் கேள்வியே படாத இடத்திலிருந்து வந்தால் மட்டும் அந்த அன்சப்ஸ்கிரைப் இணைப்பைத் தொடவே கூடாது. தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு நாமே சொன்னதாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகருங்கள். விளம்பரக் குறுஞ்செய்தியை நிறுத்த ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் 1909க்கு அனுப்பலாம். வங்கி ஓடிபி அதனால் நிற்காது.

கேலரியில் ஓட்டுநர் உரிமத்தை ஏழு தடவை படம் எடுத்து வைத்திருப்பவர்கள் கை தூக்க வேண்டாம், தெரியும். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் இஷ்யூட் என்ற பகுதியில் அதை வரவழைத்துக்கொண்டால் அசலுக்குச் சமமாகச் செல்லும். நீங்களே படம் எடுத்து ஏற்றியது அப்படிச் செல்லாது. வித்தியாசம் அந்தப் பகுதியில்தான்.

அறிவிப்பு மணி: மனிதர் அழைத்தால் அடிக்கட்டும், கடை அழைத்தால் அடிக்க வேண்டாம். அவ்வளவுதான், ஏனென்றால் நேரம் ஓடுகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இப்போது கோரிக்கை.

அந்தக் காலத்துப் பிலிம் சுருளில் 36 படம். ஒரு சுருள் ஒரு குடும்பத்துக்குப் பொங்கலுக்கும் காணும், தீபாவளிக்கும் காணும். தலைவரிடம் வைப்பதற்கு முன், உங்கள் எல்லோரிடமும் இந்த வட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: ஆண்டுக்கு 36 படம் அச்சுப் போடுங்கள். மாதத்துக்கு மூன்று. போகிக்கு முதல் நாள் உட்கார்ந்து, மாதம் மாதமாகப் போய், பிடித்ததற்கு இதயக் குறி போட்டுக்கொண்டே வாருங்கள். 36 கிடைத்தபின் மிச்சத்தை அழிக்கக் கை நடுங்காது. சிரித்த முகங்கள் மட்டும் வேண்டாம். வீட்டு முகப்பு, அடுப்படி, தெருமுனைக் கடை, கிணறு, இவற்றில் நாலைந்து சேருங்கள்.

ஸ்டுடியோவில் 4க்கு 6 அங்குலம், மேட் தாள் என்று கேளுங்கள், விரல்ரேகை தெரியாது. கைபேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம். 6 அங்குல அகலத்துக்கு அது நாலரை அங்குல உயரம் கேட்கும், தாளோ நான்குதான். அரை அங்குலம் வெட்டுப்படும். குடும்பப் படத்தில் பின்வரிசை மாமாக்களின் தலைமுடி போவது இதனால்தான். வெட்டாமல் முழுப்படமும் வரட்டும், ஓரத்தில் வெள்ளை விட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் இந்த அளவுக்குத் தாங்கும், 8க்கு 12 போட்டால் மங்கிவிடும். அந்தப் படத்தின் பெயரில் இருக்கும் எட்டு இலக்கம் உங்களுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அன்று. எடுத்தவரைக் கேட்டு ஆண்டை எழுதுங்கள்.

எழுதுவது பின்பக்கம், ஓரமாக. பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். ஜெல் பேனா மை வழவழத் தாளில் காயாது, அடுக்கி வைத்தால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும். சிடியில் எழுதும் மெல்லிய மார்க்கர் வாங்கி, எழுதிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு, இடமிருந்து வலம். ‘தாத்தா’ என்று எழுதாதீர்கள், பெயர் எழுதுங்கள். உங்கள் பேரனுக்குத் தாத்தா நீங்கள்தான், படத்தில் இருப்பவர் அல்லர். பசை தடவிய தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் வேண்டாம், பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். செருகும் ஆல்பம் வாங்குங்கள்.

பேரூராட்சித் தலைவர் அவர்களே, இந்த நூலகத்தில் ஊர்ப்படங்களுக்கென்று இரண்டு இரும்பு அலமாரி வேண்டும். ஒவ்வொரு வீடும் தன் 36இல் ஊர் தெரியும் படம் ஒன்றுக்கு இன்னொரு பிரதி போட்டு இங்கே கொடுக்கும். வடக்குச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிறது, நூலகர் அம்மா காட்டுவார்கள். அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போட வேண்டும். தலையசைக்கிறார், வாசகர் வட்டச் செயலாளர் குறித்துக்கொள்ளவும்.

மணி அடித்துவிட்டார்கள். கடவுச்சொல் அடுத்த கூட்டத்தில். சுண்டல் மேசைக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனா பெட்டி இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வரி டிக்கை எடுக்கத் தெரியாதவர்கள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள், பின்வரிசைத் தம்பிமார்கள் செய்து தருவார்கள். நன்றி, வணக்கம்.