சாவியை உருவிய பிறகும் ஓடும் இன்ஜின்

[திரை இருட்டு. ஒலி மட்டும். ஒரு பழைய பெட்ரோல் கார் நின்ற இடத்தில் ஓடுகிறது. சாவி திரும்பும் ‘டிக்’. அதன் பிறகும் தடதட, தடதட, ஒரு குலுக்கல், ஓர் இருமல். அமைதி.]

கேட்டீர்களா? அந்த ‘டிக்’ ஒலிக்குப் பிறகு ஏழெட்டு விநாடிகள். சாவி ஓட்டுநரின் சட்டைப்பையில் இருக்கிறது. இன்ஜின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடுகிறது.

நான் முதலில் வாங்கிய கார் இப்படித்தான் இருந்தது. மூன்றாம் கை வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் காலத்து வண்டி. வாசலில் நிறுத்தி, சாவியை உருவி, கதவைப் பூட்டி, நான் படியேறும்வரை தடதடத்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையிலிருந்து கேட்பார்: “தம்பி, வண்டிக்கு இன்னும் ஊர் சுற்ற ஆசை தீரவில்லையா?”

மூன்று பட்டறைகளுக்குப் போனேன். ஒருவர் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். அடுத்தவர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர் இக்னிஷன் சுவிட்சையே மாற்றிவிட்டார். பணம் போனது, தடதடப்பு போகவில்லை. சாவியை அணைத்த பிறகு எப்படி ஓடுகிறது, சீராகவா, குலுங்கிக் குலுங்கியா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

[திரையில்: சாவியும் அதிலிருந்து கிளம்பும் மூன்று கம்பிகளும். பெட்ரோல் கார்பரேட்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், டீசல்.]

சாவி இன்ஜினை நிறுத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். அது எதையும் நிறுத்துவதில்லை. இன்ஜினுக்கு வேண்டிய ஒன்றைத் துண்டிக்கிறது, அவ்வளவுதான். கார்பரேட்டர் காரில் அது துண்டிப்பது தீப்பொறியை. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் காரில், அதாவது மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் காரில், பொறி, எரிபொருள் இரண்டையும். டீசலில் பொறியே கிடையாது. அங்கே துண்டிக்க இருப்பது எரிபொருள் ஒன்றுதான். ஆகவே உங்கள் வண்டி நிற்கவில்லை என்றால், துண்டிக்கப்பட வேண்டியது துண்டிக்கப்படவில்லை. அல்லது அதற்கு வேறோர் ஆள் உள்ளே வேலைக்கு வந்துவிட்டார்.

ஒரு சின்ன விலகல். நண்பர் ஒருவர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “வண்டியை அணைத்தும் நிற்கவில்லை” என்று பதறினார். போய்ப் பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது ரேடியேட்டர் விசிறி. சூடான இன்ஜினைக் குளிர்விக்க, பல கார்களில் வண்டியை அணைத்த பிறகும் அது ஓரிரு நிமிடம் சுழலும். அது கோளாறு அல்ல. இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள், அல்லது புகைக்குழாயின் அருகே கையைக் காட்டுங்கள். காற்று வரவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இப்போது காதைக் கொடுங்கள்.

[ஒலி: சாவி ‘டிக்’. இன்ஜின் ஒரு மாற்றமும் இல்லாமல் அதே தாளத்தில் ஓடுகிறது.]

இது முதல் வகை. சாவியைத் திருப்பியதே இன்ஜினுக்குத் தெரியவில்லை. இப்படிச் சீராக ஓடுகிறது என்றால் பொறி இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கார்பரேட்டர் பக்கம் போகவே வேண்டாம். டாஷ்போர்டு விளக்குகளைப் பாருங்கள். அவையும் அணையவில்லை என்றால் சந்தேகம் சுவிட்ச் மீது. சாவித் துவாரம் ஓர் உறுப்பு, அதன் பின்னால் இருக்கும் மின் இணைப்புப் பகுதி வேறோர் உறுப்பு. சாவி திரும்பும், பின்னால் இருக்கும் தொடுமுனை திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சான ஏதோ ஒரு ரிலேயின் முனைகள் சூட்டில் உருகி ஒன்றாகிப்போயிருக்கும்.

பழைய வண்டியாக இருந்தால் டெஸ்ட் லேம்ப் ஒன்று போதும். ஒரு முனையை வண்டியின் உடலில் மாட்டி, மறுமுனையை, பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். சாவியை அணைத்த பிறகும் விளக்கு எரிந்தால், திருட்டு மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து? இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். ஒன்று, பிறகு சேர்த்த பொருள்கள்: ஃபாக் லேம்ப், அலாரம், பாட்டுப் பெட்டி. யாராவது பேட்டரிக் கம்பியையும் இக்னிஷன் கம்பியையும் ஒரே முடிச்சில் போட்டிருந்தால் சாவிக்கு அங்கே மரியாதை இல்லை.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. பேட்டரிப் படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு வழியாக ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வரும். இன்ஜின் சுழலும்வரை ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கும்; அந்த மின்சாரம் இன்ஜினைச் சுழல வைக்கும். பாயிண்ட் என்ற தொடுமுனை வைத்த பழைய இக்னிஷனுக்கு அந்தக் குட்டி பல்பு வழியாக வரும் மின்சாரம் போதாது. ஆனால் இடையில் ஒரு ரிலே இருந்தால், அதைப் பிடித்து வைக்க அதுவே போதும். சோதிப்பது எளிது. வண்டி நிற்காமல் ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் அந்த மெல்லிய கம்பியில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

[திரையில்: வயலோரம் நிற்கும் டிராக்டர். ஒரு கை ஸ்டாப் குமிழை இழுக்கிறது.]

டீசலுக்கு வருவோம். டீசல் இன்ஜினில் காற்றை ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிவிடும். டீசல் பட்டதும் தானே பற்றும். அதனால்தான் டிராக்டரை நிறுத்த ஒரு குமிழை இழுக்கிறோம். பம்பில் எரிபொருளை நிறுத்துவது அதுதான். பிறகு வந்த சுழல் பம்புகளில் அந்த வேலையை ஒரு சாலினாய்டு வால்வு செய்தது. மின்சாரம் இருந்தால் திறக்கும், போனால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும். உள்ளே ஒரு தூசு சிக்கிக்கொண்டால் முழுதாக மூடாது. வண்டி சோர்ந்து சோர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆனால் டீசலில் ஒன்று மட்டும் வேடிக்கை அல்ல. சாவியை அணைத்தும் நிற்காமல், வேகம் தானாக ஏறிக்கொண்டே போய், பின்னால் வெள்ளையாகவோ நீலமாகவோ புகை கக்கினால், அது டீசலில் ஓடவில்லை. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் சீல் போய், இன்ஜின் ஆயிலையே குடித்து ஓடுகிறது. இன்ஜின் ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றினாலும் இது நடக்கும். சாவியால் ஆகப்போவது எதுவும் இல்லை. மேனுவல் கியர் வண்டியானால், பிரேக்கை முழுபலத்தோடு மிதித்து, மிக உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். தாமதிக்கக் கூடாது, வேகம் ஏறிவிட்டால் அதுவும் பலிக்காது. மற்றபடி ஒரே வழி காற்றை அடைப்பது. டெட்ராய்ட் டீசலின் இரண்டு-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் இதற்கென்றே காற்று வழியில் ஓர் அவசர மூடி வைத்திருந்தார்கள். நம் கார்களில் பெரும்பாலும் அது இல்லை. துணியை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைக்கவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியானால் இறங்கி விலகி நில்லுங்கள். வண்டி போனால் போகட்டும்.

சரி, என் காருக்கு வருகிறேன்.

[ஒலி: மீண்டும் அந்தத் தடதடப்பு.]

இது இரண்டாம் வகை. குலுங்கல், இருமல், ஒழுங்கற்ற தட்டல். சில நேரம் இன்ஜின் பின்னோக்கியே ஓர் உதை உதைக்கும். பொறி நின்றுவிட்டது, ஆனாலும் எரிகிறது. விறகடுப்பை அணைத்துவிட்டுப் போகிறோம், சாம்பலுக்குள் தணல் இருக்கிறது. ஒரு காய்ந்த ஓலையைப் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றுகிறது அல்லவா? இங்கே தணல், சிலிண்டருக்குள் படிந்த கார்பனோ கொதிக்கும் பிளக்கின் முனையோ. ஓலை, கார்பரேட்டர் வழியாக வரும் பெட்ரோல். பொறியை வெட்டினாலும், பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) துவாரம் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். வேகம் குறையக் குறைய, கலவை அந்தச் சூட்டில் அதிக நேரம் கிடக்கிறது. தானே பற்ற வாய்ப்பும் கூடுகிறது. டீசலைப் போல ஓடுவதால் இதற்கு ‘டீசலிங்’ என்றே பெயர்.

1970களின் அமெரிக்கக் கார்களில் இது பெருந்தொல்லை. புகை விதிகளுக்காகக் கலவையில் பெட்ரோலைக் குறைத்தார்கள், பொறி விழும் நேரமான டைமிங்கைத் தாமதப்படுத்தினார்கள், ஐடில் வேகத்தைக் கூட்டினார்கள். மூன்றும் தணலுக்கு விசிறி வீசும் வேலைகள். எனவே சாவியை அணைத்ததும், காற்று வழியின் கதவான திராட்டிலை இன்னும் கொஞ்சம் மூடிவிடும் சாலினாய்டு ஒன்றைக் கூடவே பொருத்த வேண்டியதாயிற்று. இன்ஜெக்‌ஷன் வந்ததும் இந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மின்சாரம் போனதும் இன்ஜெக்டர் மூடிவிடும், ஓலையே கிடைக்காது.

மூன்று பட்டறைகளுக்குப் பிறகு நானே உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். என் பிளக் வெளுத்திருந்தது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வார்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடச் சூட்டை விரைவாகக் கடத்தும் குளிர்ந்த பிளக். பாஷ் பிளக்கில் அதற்கு நேர்மாறு, எண் கூடினால் சூடான பிளக். நிறுவனத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கணக்குத் தலைகீழாகும். என் வண்டியில் நடந்தது அதேதான். கையேட்டில் சொன்ன பிளக்கைப் போட்டேன். தடதடப்பு கொஞ்சம் தணிந்தது, போகவில்லை.

அடுத்து ஐடில் வேகம். 850 வாக்கில் இருக்க வேண்டிய ஆர்பிஎம் 1200ல் நின்றது. ஏசி போட்டால் வண்டி நிற்கிறது என்று யாரோ ஒருவர் திருகாணியை முறுக்கிவிட்டிருக்கிறார். திராட்டில் அவ்வளவு திறந்திருந்தால், அணைத்த பிறகும் இன்ஜினுக்கு விருந்துதான். குறைத்தேன். எட்டு விநாடி மூன்று விநாடியாயிற்று.

மிச்சம் இருந்தது கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒற்றைக் கம்பியோடு நிற்கும் சுண்டுவிரல் அளவு சாலினாய்டு. சாவியை அணைத்ததும் ஐடில் துவாரத்தைத் தன் ஊசியால் அடைப்பதுதான் அதன் ஒரே வேலை. அதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்தக் கம்பியை உருவுங்கள். உடனே நிற்க வேண்டும். என் வண்டி நிற்கவில்லை. கழற்றினேன்.

[திரையில்: உள்ளங்கையில் சாலினாய்டு. முனை மொட்டையாக இருக்கிறது.]

ஊசியே இல்லை. கட்டிங் பிளையரால் வெட்டிய தழும்பு பளபளக்கிறது. சாலினாய்டு கெட்டால் ஐடிலில் இன்ஜின் ஓடாமல் அணைந்துவிடும். புதிதாக வாங்குவதற்குப் பதில் ஊசியை வெட்டிவிட்டால் துவாரம் எப்போதும் திறந்தே கிடக்கும், வண்டியும் ஓடும். வண்டியை நிறுத்துவது வாங்குபவரின் பாடு.

புதியது போட்ட அன்று மாலை வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பினேன்.

[ஒலி: ‘டிக்’. அமைதி.]

எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, வண்டி ரிப்பேரா? சத்தத்தையே காணோம்!”