ட்ரூரோ கப்பலுக்கு இரண்டு அடிக்குறிப்புகள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் சமையலறை மேசையிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் சடசடப்பு ஆயா கடுகு தாளிப்பது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்பு வேலை. திரையைப் பாருங்கள், போன மாதம் நான் எழுதிய வரி இது: “1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் வந்தது, 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தார்கள்.” கடைசியில் சின்னதாக ஒரு 1. பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1 காட்டும் கட்டுரையில் கப்பலின் செய்தி மட்டுமே உண்டு. 1,52,184 என்ற எண் அதில் எங்குமே இல்லை. படிப்பவரோ இரண்டுக்கும் அதுவே சான்று என்று நம்பிவிடுவார். பொய் என்று சொல்ல முடியாது. பொய்க்குப் பக்கத்து வீடு.

ஆகவே காற்புள்ளியை ஒட்டி ஒரு சான்று, முற்றுப்புள்ளியை ஒட்டி இன்னொன்று. நூலைக் காட்டினால் பக்க எண்ணும் வேண்டும். நானூறு பக்க நூலின் பெயரை மட்டும் போடுவது, விலாசம் கேட்டவரிடம் “டர்பனில்தான் இருக்கிறார்” என்று சொல்லி அனுப்புவதைப் போன்றது.

இரண்டாவது எண்ணுக்குச் சான்று தேடியபோது ஒரு தளம் அகப்பட்டது. அதே எண், அதே வாக்கியம். மகிழ்ச்சியோடு சேர்க்கப் போனேன். பிறகுதான் கவனித்தேன், நான் விட்ட எழுத்துப்பிழையும் அங்கே அப்படியே இருந்தது! நான் கொடுத்த மாவையே எனக்கு இரவல் தந்திருக்கிறார்கள். கடைசியில் நூலகத்துக்குப் போய் ஒரு வரலாற்று நூலைப் புரட்டித்தான் பக்கத்தைப் பிடித்தேன்.

“நம் பெரிய தாத்தாவும் ட்ரூரோவில்தான் வந்தார், அதையும் போடு” என்கிறார் ஆயா. இந்த ஊர்க் கல்யாண வீடுகளில் யாரைக் கேட்டாலும் ட்ரூரோதான். 342 பேருக்கு இத்தனை பேரப்பிள்ளைகளா! கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தேடிப் பார்க்கலாம். தாத்தா அகப்பட்டாலும், வெளியான நூலோ இதழோ அவரைப் பற்றிப் பேசாதவரை விக்கியில் அவருக்கு இடமில்லை. இதைச் சொன்னதிலிருந்து எனக்கு வடை வரவில்லை.

சரி, மூலத் தொகுப்பை, அதாவது குறிகளோடு எழுதும் பெட்டியை, திறக்கிறேன். கோண அடைப்புக்குள் ஆங்கிலத்தில் ‘ரெஃப்’ (ref), நூல் விவரம், பக்கம், பிறகு சாய்கோட்டோடு ‘ரெஃப்’. அதே பக்கத்தை மறுபடியும் காட்ட வேண்டுமானால் முதல் முறையே அதற்கொரு பெயர் சூட்டிவிடுங்கள். அடுத்த முறை பெயரைச் சொன்னால் போதும். இணைய முகவரியைக் கொடுத்தால் விவரத்தைத் தானே நிரப்பும் வசதியும் உண்டு. ஒருமுறை அது பத்திரிகையின் பெயரையே ஆசிரியராக்கிவிட்டது, ஆகையால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்தோற்றம் பார்ப்போம். முதல் அடிக்குறிப்பின் இடத்தில் ஏதோ பிழைச்செய்தி. இரண்டாவது... 1,52,184 எங்கே? பாதி வரியைக் காணோம். ஓ, முதல் ரெஃப்பை மூடும் இடத்தில் சாய்கோட்டை விட்டிருக்கிறேன். அடுத்த மூடுகுறி வரைக்கும் எல்லாவற்றையும் அடிக்குறிப்பு விழுங்கிவிட்டது. ஒரு நிமிடம்.