வளைத்தால் கசியும் வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். ஒளியிழை என்றதும் இணையம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அதே இழையின் இன்னொரு வேலை. சூட்டையும் இழுப்பையும் அதிர்வையும் அது உணரும்.

முதலில் இழையைப் பார்த்துவிடுவோம். நடுவில் உள்ளகம், அதைச் சுற்றி உறை. இரண்டுமே கண்ணாடிதான். உறையோடு சேர்த்து விட்டம் 125 மைக்ரான், கொஞ்சம் தடித்த தலைமுடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நெடுந்தூர இழைகளில் உள்ளகம் வெறும் 9 மைக்ரான் வாக்கில்தான் இருக்கும். உறையைவிட உள்ளகத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்ற அளவு, ஒரு துளி கூடுதல். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அது போதும். உறையின் மேல் மிகச் சாய்வாக வந்து விழும் ஒளி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. உண்மையில் இவ்வளவு மெல்லிய உள்ளகத்தில் ஒளியைக் கதிராகப் பார்ப்பதைவிட அலையாகப் பார்ப்பதே சரி. ஆனால் வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாதே, இத்தோடு விட்டுவிடுகிறேன்.

1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: கண்ணாடியில் இருக்கும் மாசை நீக்கி, இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லாகக் குறைத்தால் இழை வழியாகத் தொலைத்தொடர்பு நடக்கும். அதாவது ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும். இன்றைய நல்ல இழையில் அதே ஒரு பங்கு மிஞ்சுவது 100 கிலோமீட்டருக்கு அப்பால். காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு சின்ன வேடிக்கை. இழையின் ஒரு முனையில் சிவப்பு லேசரை விட்டு, விளக்கை அணைத்துவிடுவேன். நீளம் முழுக்க இருட்டு, மறுமுனையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. இழையைப் பென்சிலில் இரண்டு சுற்றுச் சுற்றினால், சுற்றிய இடம் கனல் மாதிரிச் சிவக்கும், முனையில் புள்ளி மங்கும். ஒளி கசிகிறது. செய்தி அனுப்புகிறவருக்கு இது தலைவலி. எங்களைப் போன்றவர்களுக்கோ, யாரோ இழையைத் தொட்டார்கள் என்ற தகவல்.

எங்கே தொட்டார்கள்? இழைக்குள் மிக மிகக் குறுகிய ஒரு துடிப்பாக ஒளியை அனுப்புங்கள். கண்ணாடியில் உறைந்துபோன நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகள் அதில் சிறு பங்கை வந்த வழியே சிதறடிக்கும். ராலே சிதறல் என்பார்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, 10 மைக்ரோநொடியில் திரும்பிய ஒளி போக வர 2 கிலோமீட்டர் ஓடி, 1 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தது. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தத்தை வைத்து ஆழம் கணிப்பது போலத்தான். இழை சற்று அதிர்ந்தாலும் திரும்பி வரும் அந்த ஒளியின் கட்டம், அதாவது அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது, மாறும். மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளில் காலடி ஓசையையும் நிலநடுக்கத்தையும் கேட்பது இப்படித்தான்.

சூட்டுக்கு வேறு சிதறல் உண்டு, சி. வி. ராமன் 1928இல் கண்டது. திரும்பும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அலைநீளம் குறைந்த பக்கம் வருவது, அந்த இடம் சூடாக இருந்தால் கூடும்; அலைநீளம் கூடிய பக்கம் வருவது அவ்வளவாக மாறாது. இரண்டின் விகிதமே வெப்பமானி. சுரங்கப்பாதைக் கூரையோடு ஓர் இழையைக் கட்டிவிட்டால், எந்த இடத்தில் நெருப்பு என்று அது சொல்லிவிடும். இழைக்குள் மின்சாரமே ஓடாததால் எண்ணெய்க் கிணற்றிலும் உயர் மின்னழுத்தக் கருவிக்குள்ளும் அஞ்சாமல் வைக்கலாம்.

பாலங்களின் இழுப்பை அளக்க எனக்குப் பிடித்தது பிராக் கீற்றணி. உள்ளகத்தில் புற ஊதா ஒளியால் நுண்ணிய வரிகளைப் பதித்துவிட்டால், அந்த இடம் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் வரிகளின் இடைவெளி கூடி, அந்த அலைநீளமும் நகரும். இதில் ஒரு சிக்கல்: வெயில் ஏறினாலும் அது நகரும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 பிகோமீட்டர்; பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பாலம் இழுபடுகிறதா, வெறும் வெயிலா என்று ஒற்றைக் கீற்றணியால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பக்கத்திலேயே இன்னொன்றைக் பாலத்தோடு ஒட்டாமல் தளர்வாக விட்டுவைப்போம். அது வெயிலை மட்டும் அறியும். அந்தக் கணக்கைக் கழித்தால் மிஞ்சுவது பாலத்தின் இழுப்பு.

நன்றி, வணக்கம்.