அத்தையின் மூன்று சவரனும் ஒரு பிரேக்கிங் நியூஸும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், டேங்க் நிரம்பினால் அதுவே நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. பெரிய சண்டை எல்லாம் இல்லை, சோற்றுக்கு ரசம் ஊற்றும்போது ஆரம்பித்து மோருக்குள் முடிகிற வகை. ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் சித்தப்பா. நகைக்கடன் விஷயத்தில் மத்திய அரசு ஏழைகள் வயிற்றில் அடித்துவிட்டது என்கிறார் மச்சான். அது ரிசர்வ் வங்கி, அரசு இல்லை, கடன் வாங்குகிறவனைக் காப்பாற்றத்தான் விதி போட்டார்கள் என்கிறார் சித்தப்பா. மச்சான் பார்ப்பது ஒரு சானல், சித்தப்பா பார்ப்பது இன்னொன்று. அந்த இரண்டு சானல்களின் பெயரைச் சொன்னால் நீங்களே மீதியை எழுதிவிடுவீர்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில் அத்தை உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தச் சண்டையில் உண்மையிலேயே பணத்தை விட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "ஊரை மட்டும் சொல்லிடாதடா" என்றார். சரி, சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு ஒரு வரைவு வெளியிட்டது. வரைவு என்றால், இப்படிச் செய்யலாமா என்று யோசிக்கிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அன்றைக்கே அமலுக்கு வந்த விதி இல்லை. அந்த வரைவில், நகை கடன் வாங்குகிறவருடையதுதானா என்று வங்கி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு பகுதி இருந்தது. வாங்கிய ரசீது இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருந்தது: நகை எப்படி வந்தது என்று விளக்கும் ஒரு ஆவணமோ உறுதிமொழியோ போதும்.

மே மாதம் நம் ஊரில் இது எப்படி வந்தது? "நகைக்கடனுக்கு 9 புதிய விதிகள்" என்று கார்டு கார்டாகச் சுற்றியது. அதில் முக்கியமாக, ரசீது இருந்தால்தான் கடன் என்கிற மாதிரி. வரைவு என்ற வார்த்தை சிலவற்றில் இருந்தது, ஓரத்தில், எறும்பு அளவில். உறுதிமொழி போதும் என்ற பாதியை நான் பார்த்த எந்தக் கார்டிலும் காணவில்லை. மாமியார் கழற்றிக் கொடுத்த சங்கிலிக்கு எந்த வீட்டில் பில் இருக்கிறது, சொல்லுங்கள்.

அத்தைக்கு அப்போது ஏழு சவரன் வங்கியில் இருந்தது. கடன் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், ஒரு வருடக் கெடு முடிகிற நேரம். முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையைத் திருப்பி வைத்துவிடுவார். இந்தத் தடவை வங்கியில், அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி நகையைத் திருப்பிவிட்டு, அப்புறம் புதிதாக வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இது வதந்தி இல்லை, அந்தச் சமயத்தில் பல ஊர்களில் இதே கதைதான். ஒரு நாளைக்காக இரண்டரை லட்சத்துக்கு மேல் எங்கே போவது? அதற்கென்றே வங்கிக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறார். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய், ஒரு நாளைக்கு. அத்தை இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வாங்கினார், அதற்கு 2,600 ரூபாய் போனது. இதை வருட வட்டியாகக் கணக்குப் போட்டு அவரிடம் காட்டினேன். "ஒரு நாளைக்குத்தானடா" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

ஆனால் பெரிய அடி அது இல்லை. நகை கைக்கு வந்ததும் அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. முந்தின நாள் இரவு டிவியில் பார்த்தது மண்டையில் ஓடுகிறது. மூன்று சவரன் சங்கிலிக்கு பில் இல்லை. நாளைக்கு வங்கியில் கேட்டு, இல்லை என்று நின்றால், பக்கத்தில் அந்த ஆள் பணத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறான். நேராக நகைக்கடைக்குப் போய்ச் சங்கிலியை விற்றுவிட்டார். அப்போது சவரன் விலை எழுபதாயிரத்தைச் சுற்றி இருந்தது. அழுக்கு, தேய்மானம் என்று கழித்துக்கொண்டு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் கொடுத்தார்கள். பில் இருக்கிற நான்கு சவரன் வளையலை மட்டும் வங்கியில் திருப்பி வைத்தார்.

வங்கியில் பில்லை யாரும் கேட்கவே இல்லை. கையில் கவர் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் பாவம். அதைத் திறக்கவே வேலை வரவில்லை.

அக்டோபரில் சவரன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. கணக்கை நான் போட்டுக் காட்டவில்லை. அவரே போட்டு வைத்திருந்தார், காலண்டரில், பென்சிலால்.

இப்போது மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் வருகிறேன். ஊடகச் சார்பு என்றாலே நாம் கட்சியைத்தான் பேசுகிறோம். தமிழ்நாட்டில் அது ஒரு ரகசியமே இல்லை. கலைஞர் தொலைக்காட்சி யாருடையது, நியூஸ் ஜெ யாருக்காக வந்தது, மக்கள் தொலைக்காட்சி எந்தக் கட்சி வீட்டிலிருந்து வந்தது என்று டீக்கடையில் டம்ளர் கழுவுகிற பையன்கூடச் சொல்வான். தெரிந்த சார்பு என்றால் நாமே கழித்துக்கொள்வோம். பால்காரர் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவார் என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி காப்பி போட்டுக்கொள்வது போல.

இதற்கு நல்ல உதாரணம் 2021. கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று ஸ்டாலின் அரசு அறிவித்தது, ஏறத்தாழ 6,000 கோடி என்றார்கள். அந்த வருடக் கடைசியில் தகுதிப் பட்டியல் வந்தது. 48 லட்சத்துச் சொச்சம் கடன்களை அலசியதில் 35 லட்சத்துக்கு மேல் தகுதி இல்லை, 13 லட்சத்துச் சொச்சம் தேறியது. 40 கிராமைத் தாண்டியவர்கள், அரசு ஊழியர்கள் என்று பல வடிகட்டிகள். ஒரு பக்கம் 13 லட்சத்தைப் பெரிய எழுத்தில் போட்டது, இன்னொரு பக்கம் 35 லட்சத்தை. இரண்டும் உண்மை எண்தான். பார்க்கிறவனுக்கும் எது யார் சொல்வது என்று தெரியும், மனதுக்குள் சமன் செய்துகொண்டான்.

ஆனால் 2025 மே மாதம் நடந்ததில் அந்த வித்தை பலிக்கவில்லை. ஏன் என்றால் அதில் கட்சிச் சண்டையே பெரிதாக இல்லை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் கட்சியும் அந்த வரைவை எதிர்த்தன. முதல்வர் மத்திய நிதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் நாம் என்ன நினைப்போம்? செய்தி சுத்தமானது என்று. அத்தை அப்படித்தான் நினைத்தார். "எல்லா சானல்லயும் சொன்னாங்கடா" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

என் வாதம் இதுதான். அந்த வாரம் சாய்ந்தது கட்சிப் பக்கம் இல்லை, பயத்தின் பக்கம். பயம் என்றால் ஆள் சானலை மாற்றாமல் உட்காருவான். வரைவு என்று சொன்னால் எழுந்து போய்விடுவான். அதோடு இன்னொன்றும் கவனித்தேன். நகைக்கடன் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, இடைவேளை விடுகிறார்கள், வருகிற விளம்பரம் என்ன? நிமிடத்தில் நகைக்கடன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எல்லா நிறுவனமும்தான். செய்தித்தாளிலும் பாருங்கள், முழுப்பக்கத்துக்குப் பொடி எழுத்தில் கடன் எண்களாக இருக்குமே, நகை ஏல அறிவிப்பு. ஏலம் விடுமுன் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகை. நல்ல விதிதான், கடனாளிக்காக வந்தது. ஆனாலும் ஏழாம் பக்கத்தில் ஏழையின் கண்ணீர், எட்டாம் பக்கத்தில் அதே ஏழையின் கடன் எண் என்று பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

சித்தப்பா சொன்னதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி நகைக்கடன் கொடுக்கிற இடங்களில் என்னென்ன கோளாறு என்று சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் முன்னால் இல்லாமலே நகையை மதிப்பிடுவது, ஏலத்தில் வெளிப்படை இல்லாதது, இப்படி. வரைவு ஏன் வந்தது என்பதற்கு இதுதான் முன்கதை. மச்சானுடைய சானலில் இதை யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவுடைய சானலில் அந்த ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஜூன் 6. இறுதி விதிகளைச் சொன்னார் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. சின்னக் கடனுக்குத் திருப்பிக் கட்டும் தகுதியை விரிவாக அலச வேண்டியதில்லை. அன்றைக்கு எல்லா இடத்திலும் 85, 85, 85. தீபாவளிப் பரிசு மாதிரி.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். வருடக் கடைசியில் அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்டுகிற கடன் இருக்கிறதே, நம் அம்மாக்கள் வைப்பது பெரும்பாலும் அதுதான், அதில் அந்த 85-க்குள் வட்டியும் சேர வேண்டும். ஆளுநரே வாய்விட்டுச் சொன்னார், வட்டியோடு சேர்த்து என்று. ஒரு லட்சம் மதிப்புள்ள நகை, 12 சதவீத வட்டி, ஒரு வருடம் என்று வையுங்கள். முடிவில் கட்ட வேண்டியது 85,000-ஐத் தாண்டக் கூடாது என்றால், இன்றைக்குக் கைக்கு வருவது கிட்டத்தட்ட 75,900. எங்கே 85, எங்கே 76. பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். "வட்டியோடு சேர்த்து" என்பதற்குக் கார்டில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். மே மாதமும் இடம் போதவில்லை, ஜூன் மாதமும் போதவில்லை.

கடனாளிக்கு உண்மையிலேயே கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி அதே விதியில் இருக்கிறது. கடனை முழுசாகக் கட்டிய பிறகு நகையை அன்றைக்கே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கத் தவறு என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இதை விவாதமாக யாராவது நடத்தி நான் பார்க்கவில்லை. இந்த விதிகள் எல்லாம் நடைமுறைக்கு வரக் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 1.

சரி. இவ்வளவு நேரம் டிவியைத் திட்டினேன். இப்போது ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நீங்களே சொல்வீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தச் சானலில் ஒரு கடன் ஆப்புக்கு வீடியோ போட்டேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். பதினைந்தாயிரம் கொடுத்தார்கள். அந்த மாதம் இந்தக் கேமராவுக்கு இஎம்ஐ கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் அனுப்பிய தாளில் "மாதம் ஒன்றரை சதவீதம் மட்டுமே" என்று இருந்தது. சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐம்பதாயிரம், பன்னிரண்டு மாதம், ஒன்றரை சதவீதம் ஃபிளாட். வட்டி மட்டும் 9,000. மாதம் 4,917 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே, அவர்கள் வட்டி போடுவதோ கடைசி வரை முழு ஐம்பதாயிரத்துக்கும். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 18 இல்லை, ஏறத்தாழ 32 சதவீதம் வருகிறது. பிராசஸிங் கட்டணம் இன்னும் சேர்க்கவில்லை. இந்த முழு வருட விகிதத்தைத் தனித் தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆப் கடன்களுக்கு 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து தனிநபர் கடன் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் கட்டாயம். அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதே வீடியோ எடுத்த அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசித்திருப்பேனா? பதினைந்தாயிரம் மக்களே. தெரியவில்லை.

அதைப் பார்த்துக் கடன் வாங்கியதாக ஒரு தம்பி போன மாதம் எழுதியிருந்தான். திட்டவில்லை. "அண்ணா, நல்ல வேளை நீங்க சொன்னீங்க, அவசரத்துக்கு உதவுச்சு" என்று எழுதியிருந்தான். அதுதான் மூன்று நாளாக முள் மாதிரி இருக்கிறது. கட்டி முடித்துவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் நான்கு தவணை இருக்கிறதாம்.

அந்த வீடியோவை நீக்கவில்லை. நீக்கினால் நான் செய்யவே இல்லை என்று ஆகிவிடும். அதன் மேலேயே இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன், 9,000, 32 சதவீதம், பதினைந்தாயிரம், மூன்று எண்ணும்.

மோட்டார் நின்றுவிட்டது. அத்தைக்கு அந்த நான்கு சவரன் கெடு மே மாதம். இந்தத் தடவை நானும் கூடப் போகிறேன், கேமரா இல்லாமல். அத்தை இப்போதே ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லிவிட்டார், "இந்த வளையல்கள் என்னுடையவை" என்று. வளையலுக்குத்தான் பில் இருக்கிறதே அத்தை என்றேன்.

"இருக்கட்டும்டா, ரெண்டும் கொண்டு போவோம்."